சின்னம்மா வீட்டு ஹெலிக்கோனியா

திருகோணமலைக் கோணேசர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, கோட்டைக்குள் நிற்கும் மான்களைப் பார்த்தபடி இறங்கி, உப்புவெளியில் சின்னம்மா வீட்டுக்கு வந்து சேரப் பத்து மணியாகிவிட்டது. கச்சான் காற்று அனலாக அடித்தது. சின்னம்மா வாசலிலேயே நின்றார்.

"தம்பி, சத்தம் போடாமல் கிணற்றடிக்கு வாங்கோ. ஹம்மிங்பேர்ட் வந்திருக்கு."

வந்திருந்தது தேன்சிட்டு. ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் பறவை. ஆனாலும் சின்னம்மா சொன்னதில் பாதி சரி. அது தேன் குடித்த செடி, ஹம்மிங்பேர்டை நம்பியே வாழ்ந்த செடி. வெப்பமண்டல அமெரிக்காவின் ஹெலிக்கோனியா இங்கே குளிக்கும் தண்ணீர் ஓடும் இடத்தில், வாழை இலை மாதிரி இலையோடு ஆளுயரத்துக்கு நிற்கிறது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். நாம் பூ என்று நினைக்கிற சிவப்பு மடல்கள் பூவல்ல. ஒவ்வொரு மடலும் ஒரு குட்டித் தோணி. அதற்குள்தான் குழல் போன்ற சின்னப் பூக்கள். சிவப்பு தேனீயின் கண்ணுக்கு அவ்வளவாக எடுபடாது, பறவைக்குத் தூரத்திலேயே தெரியும். முகர்ந்தேன், வாசமே இல்லை. கரீபியன் கடலின் டொமினிக்கா தீவில் ஊதாத் தொண்டை ஹம்மிங்பேர்டில் பெண்ணின் அலகு ஆணினதைவிட நீளம், வளைவும் கூட. ஆணுக்கு ஒரு வகை ஹெலிக்கோனியா, பெண்ணுக்கு இன்னொரு வகை. அந்தந்தப் பூக்குழல் அந்தந்த அலகுக்கு அளவெடுத்தது போலிருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஹம்மிங்பேர்ட் அந்தரத்தில் நின்றே குடித்துவிடும். நம்முடைய தேன்சிட்டும் ஓரிரு நொடி அப்படிச் சிறகடித்து நின்றது. பிறகு மடலின் விளிம்பைக் காலால் பற்றி, தலைகீழாகத் தொங்கி, அலகை உள்ளே விட்டது. மஞ்சள் வயிறு, வெயிலில் பச்சையாக மின்னும் உச்சந்தலை. நிமிர்ந்தபோது அலகின் அடியில் மாப்பொடி மாதிரி மகரந்தம் ஒட்டியிருந்தது.

அப்புறம் பக்கத்துச் செவ்வரத்தைக்குத் தாவியது. அங்கே நடந்தது களவு. மகரந்தம் வெளியே நீட்டிய தண்டில் இருக்க, இது பூவின் அடியில் துளைபோட்டுத் தேனை உறிஞ்சிவிட்டுப் போனது.

சின்னம்மா மெதுவாக உடுப்புக் கொடியைக் காட்டினார். சிலந்தி வலையும் நாரும் சேர்த்துக் கட்டிய கூடு ஒன்று அதில் தொங்கியது.

"குஞ்சு இருக்கு தம்பி. இரண்டு கிழமையா இதில உடுப்புக் காயப்போடுறேல்ல. பூச்சி பிடிச்சுத்தான் தீத்துது, அதால மரங்களுக்கு மருந்தடிக்கவும் விடுறேல்ல."