சங்குக்கு ஒன்று, தொலைபேசிக்கு இரண்டு

2024 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் என் வாக்குச்சீட்டில் அரியநேத்திரனின் சின்னமான சங்குக்கு 1, சஜித் பிரேமதாசவின் தொலைபேசிக்கு 2 என்று தெரிவு வரிசையில் போட்டேன். போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த முடிவுக்கு வருவதற்குள் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் நடந்த சண்டைதான் பெரிது.

எங்களுடையது பரம்பரைத் தமிழரசுக் கட்சிக் குடும்பம். செப்டெம்பர் முதலாம் திகதி வவுனியாவில் கூடிய கட்சியின் மத்திய செயற்குழு, சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென்று முடிவெடுத்தது. கட்சியின் எம்.பி. சிறீதரனோ தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனோடு நின்றார். அரியநேத்திரனும் அதே கட்சிக்காரர்தான்! பிறகென்ன, வீடும் இரண்டாகப் பிரிந்தது.

பெரியப்பா சங்குப் பக்கம். "2010இல் பொன்சேகாவுக்குப் போடச் சொன்னவை. யுத்தத்தை நடத்தின தளபதிக்கே போட்டனாங்கள். இனி விட்டுக்குடுக்க என்ன கிடக்கு?" என்றார். அண்ணா 2005ஐ இழுத்தார். வடக்கில் பெரும்பாலானோர் வாக்களிக்காத அந்தத் தேர்தலில் ரணில் தோற்றது 180,786 வாக்குகளால். "கொள்கையோட வீட்டில இருந்தா மற்றவன் ஆளைத் தெரிவு செய்வான்." இரண்டு பேர் சொன்னதிலும் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் கரைச்சல்.

கொழும்புத் தமிழர்களுக்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. ஊரில் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குப் போட்டவர்கள் இங்கே வந்து ஐக்கிய தேசியக் கட்சியின் யானைக்கும் தொலைபேசிக்கும் போட்டுப் பழகியவர்கள். நடைமுறை பார்ப்பது எங்களுக்கு வழக்கமாகவே ஆகிவிட்டது. சங்கைக் கண்டதும் வெள்ளவத்தை வயதானவர்கள் இவ்வளவு உருகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பெரியப்பாவைத் தடுத்தது கொள்கையைவிடக் கணக்குத்தான். 2 என்று எழுதினால் சங்கின் பலம் குறைந்துவிடும் என்று நம்பினார். மின்சார பில்லின் பின்புறத்தில் எழுதிக் காட்டினேன். யாரும் பாதிக்கு மேல் எடுக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரும் நீங்கிவிடுவார்கள். நீங்கியவர்களின் சீட்டுகளை மட்டும் திரும்ப எடுத்து, 2 அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவருக்குச் சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் 3ஐப் பார்ப்பார்கள். சங்கின் 1 அப்படியே சங்கின் கணக்கில் நிற்கும். இதற்கிடையில் பெரியம்மா, "அப்ப புள்ளடி போடுறதில்லையோ?" என்று கேட்டார். ஒருவருக்கு மட்டும் புள்ளடி (X) போட்டாலும் செல்லும், ஆனால் அதோடு முடிந்தது, இரண்டாவது தெரிவு கிடையாது.

எனக்கு எரிச்சல் தந்தது வேறு. எங்களுக்கு வட்ஸ்அப்பில் வந்த இரு தரப்புச் செய்திகளும் முதலாவது வாக்கைத்தான் கேட்டன. மானத்துக்கு ஒன்று, நாளைய நிர்வாகத்துக்கு ஒன்று என்று பிரித்துப் போட அந்தச் சீட்டிலேயே இடம் இருந்தது. அதைச் சொல்ல ஒருவரும் வரவில்லை.

21ஆம் திகதி காலையிலேயே போட்டுவிட்டு வந்தோம். இரவு பத்து மணிக்கு ஊரடங்கு. மறுநாள், இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் சுற்று எண்ணப்போவதாகத் தேர்தல் ஆணைக்குழு அறிவித்தது. "உன்ர ரெண்டு இப்பதான் வேலைக்குப் போகுது" என்று அண்ணா சிரித்தார். போனதுதான். அந்தச் சுற்றில் சஜித்துக்கு 167,867 வாக்குகள் சேர்ந்தன, அவரோடு மிஞ்சியிருந்த அநுர குமார திசாநாயக்கவுக்கு 105,264. ஆனால் முதல் சுற்றிலேயே அநுர பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேலான வாக்குகளால் முன்னுக்கு நின்றார். ஒன்றும் மாறவில்லை.

கடைசியில் பெரியப்பா சங்குக்கு மட்டும்தான் போட்டிருந்தார். அரியநேத்திரனின் 226,343ஐப் பத்திரிகையில் பேனையால் சுற்றிவிட்டுக் கேட்டார்: "பாராளுமன்றத் தேர்தலிலயும் இப்பிடி ரெண்டு பேருக்குப் போடலாமோ?"

முடியாது, அங்கே ஒரு கட்சிக்குத்தான் புள்ளடி என்றேன்.

"அப்ப நவம்பரிலயும் சண்டைதான்" என்றார் அண்ணா.