இப்போதைக்கு

"காலி பண்ணணுமா சார்?" என்று மேலாளர் கேட்டார். "இப்போதைக்கு வேண்டாம்" என்றேன். நடந்தது அவ்வளவுதான். நாகப்பட்டினத்தில் அந்த ஆறு மாடி அலுவலகத்தின் பலத்தைச் சோதிக்கப் போன பொறியாளர் நான்; அதன் படிக்கட்டில் நின்றுகொண்டு சொன்ன அந்த ஒரு வார்த்தையை இன்னும் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.

யோசிக்காமல் சொல்லவில்லை. பதினைந்து நாள் சோதனை செய்திருந்தேன். தரைத்தளத் தூண்களைத் துளைத்து கோர், அதாவது உருளை வடிவக் கான்கிரீட் மாதிரி, எடுத்தோம். 1980களில் கட்டியது, எம்15 தரக் கான்கிரீட். கோர்களின் சராசரி வலிமை, வடிவமைப்பில் கேட்ட வலிமையில் 85 சதவீதம் இருக்க வேண்டும், தனிக் கோர் எதுவும் 75க்குக் கீழே போகக் கூடாது என்பது ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிநூல் சொல்லும் கணக்கு. இரண்டிலும் தேறியது. ஆனால் கான்கிரீட் தேறினால் கம்பி தேறியதாக ஆகாது. நெஞ்சு உயரத்தில் ஒரு தூணைக் கொத்தி, காரம் இருந்தால் இளஞ்சிவப்பாகும் பினாப்தலீன் தெளித்தோம். கம்பியைத் தாண்டியும் நிறமே வரவில்லை, அதற்கும் உள்ளேதான் இளஞ்சிவப்பு தெரிந்தது. காரத்தன்மை போன கான்கிரீட்டுக்குள் கம்பிக்குப் பாதுகாப்பு கிடையாது. கம்பியின் மின்னழுத்தத்தைப் பார்க்கும் ஹாஃப்செல் அளவும் மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டிக் கீழே போயிருந்தது. அரிப்பு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு என்று அதற்குப் பொருள். கடலோரம், போதாக்குறைக்கு அந்தக் காலத்தில் உப்புத்தண்ணீர் போர்வெல்லில் பிடித்துத்தான் கலவை போட்டிருப்பார்கள்.

இதெல்லாம் தெரிந்துதான் "வேண்டாம்" என்றேன். வெளியே தெரிந்த கம்பியில் பத்து சதவீதம்போலத்தான் தேய்மானம். மூன்றாம் மாடி ரெக்கார்ட் ரூமை மட்டும் உடனே காலி செய்யச் சொன்னேன். சாதாரண அலுவலகத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன் என்று வடிவமைப்பார்கள். அங்கே உத்தரம்வரை ஃபைல் கட்டு. முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார்கள். பாரம் குறைந்தது உண்மை. இதை எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன்.

நான் "இப்போதைக்கு" என்றது ஐப்பசி மழை பிடிக்கும் முன் வேலை தொடங்கிவிடும் என்ற நினைப்பில். புரட்டாசியில் அறிக்கை கொடுத்தேன். மேலாளருக்கு அந்த வார்த்தை வருடக் கணக்கு முடியும்வரை என்று கேட்டிருக்கிறது. டெண்டர், ஒப்புதல், மழை, அப்புறம் பொங்கல். மாசியில்தான் மேஸ்திரி உளியை எடுத்தார். நடுவில் இரண்டு முறை போன் செய்தேன். "ஆகட்டும் சார், நீங்கதான் ஒண்ணும் பயமில்லைன்னு சொன்னீங்களே" என்றார். அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்திருக்க வேண்டும். ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாம். "சீக்கிரம் பாருங்க" என்று வைத்துவிட்டேன்.

தளங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் தூணின் அடியில் இருந்த டைல்ஸைப் பெயர்த்தோம். சோதனையின்போது "டைல்ஸை உடைக்காம பாத்துக்குங்க சார்" என்று கேட்டுக்கொண்டார்கள், நானும் சம்மதித்தேன். தரை கழுவுகிற தண்ணீர் வருடக்கணக்காக அங்கேதான் ஊறியிருக்கிறது. "சார், இங்க வந்து பாருங்க" என்றார் மேஸ்திரி. நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் 6 மில்லி ரிங் கம்பி. இரண்டு விரலால் பிடித்தேன், ஏடு ஏடாக உதிர்ந்தது. அடியிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு ரிங் என்று சொல்ல எதுவும் இல்லை. ரிங் இல்லாவிட்டால் நெடுக்குக் கம்பிகள் வெளிப்பக்கமாகப் பிதுங்கப் பார்க்கும். உத்தரம் தொய்ந்து, விரிசல் விட்டு, நாலு பேருக்குத் தெரிந்த பிறகு விழும். தூணுக்கு அந்தப் பழக்கம் பெரும்பாலும் கிடையாது.

அன்று ராத்திரி கும்பகோணம் திரும்பியதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பியே இல்லை என்று வைத்து, ரெக்கார்ட் ரூம் பாரத்தையும் கழித்தால், கான்கிரீட் மட்டும் தாங்குகிறது. மயிரிழையில்தான், ஆனால் தாங்குகிறது. அப்படியானால் நான் சொன்னது சரி. ஆனால் அந்தக் கணக்கைச் சொன்ன பிறகல்லவா போட்டேன். சொல்லும்போது என்னிடம் இருந்தது நெஞ்சு உயரத்தில் பார்த்த ஒரு கம்பி.

காலி செய்யுங்கள் என்று சொல்லியிருந்தால்? இருநூறு பேர் எங்கே போவார்கள் என்று அப்போதும் நினைத்தேன். பயந்து சொல்கிற பொறியாளரை யாரும் மறுபடி கூப்பிடுவதில்லை என்றும் நினைத்தேனா? நினைக்கவில்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

வேலை முடிந்து, சுற்றிலும் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் வைத்து ஜாக்கெட்டிங் போட்ட தூண்கள் இப்போது தடித்து நிற்கின்றன. போன மாதம் மேலாளர் பணி ஓய்வு பெற்றார், பேசினார். "நீங்க தைரியம் சொன்னதாலதான் சார், எங்களுக்கு ஒருநாள் வேலை நிக்கல." நன்றி சொன்னேன். டைல்ஸுக்குப் பின்னால் பார்த்ததை அறிக்கையில் படத்தோடு எழுதியிருக்கிறேன், அவருக்கு வாயால் சொன்னதில்லை. அந்தத் தூணை ஒட்டி மேசை போட்டிருந்த அம்மா, அதில் ஆணி அடித்துத் தினக்காலண்டர் மாட்டியிருந்தார். புரட்டாசியிலிருந்து மாசிவரை தினமும் ஒரு தாள் கிழித்திருப்பார்.