எலிசபெத் அத்தை மகளா, வளர்ப்பு மகளா?

எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் கடைசி செமஸ்டருக்கு புராஜெக்ட் உண்டு. நான் மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை எடுத்தேன். காரணம் எளிது: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கல்லூரி நூலகத்தில் இருந்த ஒரே பிரதியை ஒரு சீனியர் எடுத்துப்போய் மூன்று வருடமாகிறது. ஆனால் இலவசம் என்பதை சினாப்சிஸில் எழுத முடியாதே, அதனால் ‘கைவிடப்பட்ட குழந்தைகள்’ என்று ஒரு கோணம் பிடித்தேன்.

வகுப்பு வாட்ஸாப் குழுவில் யாரோ போட்ட பிடிஎஃப்தான் என் மூல நூல். முகப்புப் பக்கம் இல்லை, பதிப்பாளர் இல்லை, வருடமும் இல்லை. நேராக கேப்டன் வால்டனின் கடிதத்தில் தொடங்கும். அதில் எலிசபெத், அதாவது நாயகன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் மணக்கப்போகும் பெண், மிலான் நகரத்துப் பிரபு ஒருவரின் மகள். அவளைப் பெற்றதும் தாய் இறந்துவிட, ஏழைக் குடியானவர் வீட்டில் வளர்கிறாள். அங்கே அவளைப் பார்த்து மனமிரங்கிய விக்டரின் அம்மா தன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுகிறாள். எனக்கு வெல்லக்கட்டி கிடைத்த மாதிரி இருந்தது. விக்டரே படைத்துக் கைவிட்ட உயிர் ஒரு பக்கம், யாரோ எடுத்து வளர்த்த பெண் இன்னொரு பக்கம். இரண்டாம் அத்தியாயம் 14 பக்கம், ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன்.

கைடு மேடம் படித்துவிட்டுக் கூப்பிட்டார். “எலிசபெத் விக்டருக்கு அத்தை பொண்ணும்மா. வளர்ப்புப் பொண்ணுன்னு எங்க படிச்ச?”

நான் கைபேசியில் பிடிஎஃபைக் காட்டினேன். அவர் மேசையிலிருந்த தன் புத்தகத்தைக் காட்டினார். இரண்டும் ஒரே நாவல், ஆனால் எலிசபெத்தின் கதை வேறு வேறு.

1818 ஜனவரி 1-ல் இந்த நாவல் ஆசிரியர் பெயர் இல்லாமல் மூன்று தொகுதிகளாக, 500 பிரதிகள் வெளிவந்தது. 1831-ல் மேரி ஷெல்லி நிறையத் திருத்தி, புது முன்னுரையோடு ஒரே தொகுதியாக வெளியிட்டார். முதல் பதிப்பில் எலிசபெத், விக்டருடைய அப்பாவின் தங்கை மகள். அதாவது சுத்தமான முறைப்பெண். 1831-ல்தான் அவள் மிலான் பெண்ணாகிறாள். ரத்த உறவில் திருமணம் என்ற உறுத்தலைத் தவிர்க்கவே இந்த மாற்றம் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அத்தை மகளைக் கட்டுவதில் அவர்களுக்கு என்ன உறுத்தல் என்று நம்மூரில் யாருக்கும் விளங்காது. இதை ஓர் அடிக்குறிப்பாகவே எழுதினேன், மேடம் சிரித்துக்கொண்டே அடித்துவிட்டார். என் குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1831 பதிப்பிலும் இருவரும் ஒருவரையொருவர் ‘கஸின்’ என்றே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். நானும் அதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன்.

சரி, இரண்டு பதிப்பையும் வைத்து முதலிலிருந்து தொடங்குவது என்று முடிவானது. கையில் இருந்தது இரண்டு மாதமும், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டாவும்.

கூகுளில் தேடினால் முதல் பக்கம் முழுக்கத் தேர்வுக் குறிப்புத் தளங்கள். கதைச்சுருக்கம் இருக்கும், எந்தப் பதிப்பின் சுருக்கம் என்று இருக்காது. ஒரு ஏஐ அரட்டைச் செயலியிடம் கட்டுரைகள் கேட்டேன். ஆசிரியர், இதழ், தொகுதி எண், பக்க எண் என்று நான்கு கட்டுரைகளைக் கொடுத்தது. இரண்டை எங்கும் காணவில்லை. அவை வந்ததாகச் சொன்ன இதழ் உண்மையில் இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்தது வேறு யாரோ எழுதிய வேறு கட்டுரை. ஒரு சாயங்காலம் போனது.

சீனியர்கள் விட்டுப்போன இணைப்புப் பட்டியலில் பிரிட்டிஷ் நூலகத்தின் இலக்கியக் கட்டுரைகள் இருந்தன. 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் மீது சைபர் தாக்குதல் நடந்த பிறகு அந்தப் பக்கங்கள் திறக்கவில்லை. பழைய முகவரியை, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒட்டிப் பார்த்தேன், சில கட்டுரைகள் அப்படியே வந்தன.

மூல நூலுக்கு, பழைய நூல்களை இலவசமாகத் தரும் புராஜெக்ட் குட்டன்பர்க் தளம் போதும். 1818-க்கும் 1831-க்கும் அங்கே தனித்தனிக் கோப்பு உண்டு, விவரத்தைப் படித்துவிட்டு இறக்க வேண்டும். அவசரத்துக்கு ஒரு சோதனை: எலிசபெத் மிலான்காரியாக இருந்தால் 1831. குட்டன்பர்கில் ஒரே தொல்லை, பக்க எண் கிடையாது. மேற்கோளுக்கான எம்எல்ஏ முறையில் அத்தியாய எண்ணைக் கொடுக்கலாம்தான், ஆனால் மேடம் பக்க எண் கேட்டார். அதற்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் போனேன். 1831 புத்தகத்தின் ஸ்கேன் அங்கே இருக்கிறது. ஷில்லர் எழுதிய ஒரு பேய்க்கதையின் முதல் பகுதியையும் அந்தக் காலத்தில் இதே தொகுதியில் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அது தெரியாமல், தப்பான புத்தகத்தைத் திறந்துவிட்டோம் என்று இரண்டு முறை மூடினேன்.

விமர்சனக் கட்டுரைகளுக்கு, ஆய்விதழ்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஜேஸ்டோர் தளம். கல்லூரிக்குச் சந்தா இல்லாவிட்டாலும் நம் மின்னஞ்சலை வைத்து இலவசக் கணக்கு திறந்தால் 30 நாளில் 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம். நூறு என்பது நிறைய என்று நினைத்து முதல் மூன்று நாளிலேயே முப்பதைத் திறந்துவிட்டேன். பாதிக்கு மேல் எனக்குச் சம்பந்தமில்லாதவை. அப்புறம்தான் புத்தி வந்தது. வெளியே முன்னோட்டமாகத் தெரியும் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, தேவையானதை மட்டும் திறந்தேன். திறந்ததும் முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போவேன். கட்டுரையாளர் எந்தப் பதிப்பை மேற்கோள் காட்டுகிறார் என்று பார்த்து, நோட்டில் தலைப்புக்குப் பக்கத்தில் 18 அல்லது 31 என்று குறித்துக்கொள்வேன். எலிசபெத்தைப் பற்றி இரண்டு பேர் நேரெதிராகச் சொல்வதாக நான் முன்பு எழுதி வைத்திருந்த ஒரு பத்தி, இந்தக் குறிப்பு வந்ததும் கரைந்துபோனது. அவர்கள் சண்டையே போடவில்லை, ஆளுக்கொரு புத்தகத்தைப் படித்திருக்கிறார்கள்.

ஜேஸ்டோரில் சிக்காததை கூகுள் ஸ்காலரில் தேடினேன். ஒரு கட்டுரைக்குக் கீழே ‘எல்லா வடிவங்களும்’ என்ற இணைப்பு இருக்கும், சில சமயம் ஆசிரியரே போட்ட இலவசப் பிரதி அதில் கிடைக்கும். கிடைக்காத ஒன்றுக்கு, எழுதிய பேராசிரியருக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டாம் நாள் பிடிஎஃப் வந்தது, கூடவே வாழ்த்தும். கல்லூரிகளுக்கு மின்னூல்கள் தரும் என்-லிஸ்ட் வசதி எங்கள் கல்லூரிக்கும் இருப்பது நூலகரிடம் வேறு எதற்கோ போனபோது தற்செயலாகத் தெரிந்தது. கடவுச்சொல் வாங்கிவிட்டால் வீட்டிலிருந்தே மின்னூல்கள் படிக்கலாம். இரண்டு வருடம் படித்தும் எங்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

சோத்கங்கா தளத்தில் இந்திய ஆய்வேடுகள் அத்தியாயம் அத்தியாயமாகத் தனிக் கோப்பாக இருக்கும். நான் துணைநூற்பட்டியலை மட்டுமே இறக்குவேன், மற்றதைத் திறந்தால் காப்பியடிக்கக் கை பரபரக்கும். ஒருமுறை ஆசை தாங்காமல் திறந்த ஓர் ஆய்வேட்டில் எலிசபெத் ஒரு பக்கத்தில் அத்தை மகளாகவும் அடுத்த அத்தியாயத்தில் அநாதையாகவும் இருந்தாள். எனக்குத் துணைக்கு ஆள் கிடைத்த நிம்மதி.

எல்லாவற்றையும்விட என்னை அசைத்தது ஷெல்லி-காட்வின் ஆர்க்கைவ் என்ற இணையதளம். நாவலின் கையெழுத்துப் படி ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அந்த நோட்டுப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எதிரிலேயே எழுத்துவடிவமும் கொடுத்திருக்கிறார்கள். கட்டணமும் இல்லை, கணக்கும் தேவையில்லை. மேரி எழுதியது எது, கணவர் பெர்சி திருத்தியது எது என்று பிரித்தே பார்க்கலாம். மேரி சாதாரணமாக எழுதிப்போன இடத்தில் பெர்சி ஒரு கனமான சொல்லைச் செருகுகிறார். என் அத்தியாயத்தில் மேடம் செய்ததும் ஏறக்குறைய அதேதான். இரவு பதினொரு மணிக்கு, விரிசல் விட்ட கைபேசித் திரையில், இருநூறு வருடத்துக்கு முந்தைய அடித்தல் திருத்தல்களை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஒரு வரிகூட எழுதவில்லை.

பழைய 14 பக்கத்தில் நான்குதான் தேறியது. கைவிடப்பட்ட குழந்தை என்ற கோணத்தை விடவில்லை. 1818-ல் இல்லாத ஓர் அநாதையை 1831-ல் மேரி ஏன் உருவாக்கினார் என்று கேள்வியை மாற்றிக்கொண்டேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பெர்சியின் கையெழுத்தைப் பற்றி ஒரு கேள்வியும், வரி இடைவெளியைப் பற்றி மூன்று கேள்வியும் கேட்டார்.

போன வாரம் ஒரு ஜூனியர் அதே நாவலை எடுத்திருப்பதாகச் செய்தி அனுப்பினாள். நான் நான்கு இணைப்புகளையும், எதை எதற்குப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பையும் அனுப்பினேன்.

“தேங்க்ஸ் அக்கா,” என்று பதில் வந்தது. “பிடிஎஃப் இல்லையா?”