முப்பது வயது ரன்னிங் பேக்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஃபேண்டஸி ஃபுட்பால் டிராஃப்ட். அமெரிக்கக் கால்பந்தின் நிஜ வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு கற்பனை அணி கட்டுவோம்; அவர்கள் மைதானத்தில் ஆடுவதற்கேற்ப நமக்குப் புள்ளி. ஓய்ந்துவரும் ரன்னிங் பேக்கை, அதாவது பந்தை ஏந்தி ஓடும் வீரரை, எடுக்கலாமா என்று யோசித்தாலே எசெக்கியல் எலியட்தான் நினைவுக்கு வருகிறார். 2022இல் டல்லஸ் அணிக்கு 12 டச்டவுன் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது) ஓடினார். ஆனால் ஓட்டத்துக்குச் சராசரி 3.8 யார்டுதான். கோட்டுக்கு அருகில் பந்து அவர் கைக்கே போனதால் வந்த புள்ளிகள் அவை. அடுத்த வருடம் நியூ இங்கிலாந்து அணியில் ஓடி எடுத்தது மூன்றே டச்டவுன்!

சூடுபட்ட பூனையாக 2024இல் இன்னொரு ரன்னிங் பேக்கான டெரிக் ஹென்றியை விட்டுவிட்டேன். வயது முப்பது, 2020இல் 5.4 ஆக இருந்த சராசரி 2023இல் 4.2. கணக்கு சரிதானே? ஆனால் அதுவரை ஆடிய டென்னசி அணியில் அவருக்கு வழி திறந்துவிட ஆளில்லை என்பதை நான் பார்க்கவில்லை. பால்டிமோர் அணிக்குப் போனார். அங்கே ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனே பந்தோடு ஓடிவிடுவாரோ என்று எதிரணி தயங்கிய இடைவெளியில் 1,921 யார்டு ஓடித் தள்ளினார்.

இந்த முறை வயதைப் பிறகு பார்க்கலாம். முதலில் எந்த அணி, கோட்டருகே யார் கையில் பந்து. அதுவும் டிராஃப்டில் ஆறாவது சுற்றுக்குப் பிறகு கிடைத்தால்தான்.

ஹென்றியை எடுத்த அலுவலக நண்பர் இன்னமும் மதியச் சாப்பாட்டில் அந்தக் கதையை விடுவதில்லை.