பாதிக் கூட்டில் பெண் பார்க்கும் படலம்

தூக்கணாங்குருவி நார் கிழிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் நகரவே மனம் வராது. நெல் தாளின் ஓரத்தை அலகால் கடித்து ஒரு வெட்டுப் போடும். அந்த நுனியைக் கவ்விக்கொண்டு அப்படியே பறக்கும். தாள் நீளத்துக்கும் மெல்லிய நார் உரிந்து கூடவே போகும். ஒரு கூடு முடிய இப்படி நூற்றுக்கணக்கான நடை.

இனப்பெருக்கக் காலத்தில்தான் ஆணின் தலையும் மார்பும் பளீர் மஞ்சள். மற்ற மாதங்களில் பெண்ணைப் போலவே மங்கலாக, சிட்டுக்குருவிக் கூட்டத்தில் கலந்தால் தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்தது, கூடு பாதியில் நிற்கும் கட்டம். கவிழ்த்த தலைக்கவசம் மாதிரி தொங்கும். ஆண் அதில் தொற்றிக்கொண்டு சிறகடித்துக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே சோதிக்கும். பிடித்தால்தான் முட்டையறையும் நுழைவுக் குழாயும் கட்டி முடிக்கப்படும். பிடிக்காவிட்டால் கூடு அப்படியே கைவிடப்படும். குடும்பம் அமைந்ததும் ஆண் பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி இன்னொரு துணையைத் தேடும். இதைப் பறவையியலாளர் சலீம் அலி 1930-களின் தொடக்கத்திலேயே விரிவாக எழுதிவிட்டார்.

கூட்டுக்குள் அப்பியிருக்கும் ஈரமண், மின்மினியை ஒட்டி விளக்கேற்றத்தான் என்பார்கள். அழகான கற்பனை, ஆனால் உண்மையில்லை. பெண் சேருமுன்பே ஆண் மண்ணைப் பூசிவிடுகிறது.

தானியம் தின்னும் என்று இதை விரட்டுபவர்களிடம் ஒன்று சொல்வேன்: குஞ்சுகளுக்கு இது ஊட்டுவதில் புழுவும் வெட்டுக்கிளியும் நிறைய.