பதினைந்து வயதுக்காரிக்கு ஒரு நாவல்

என் முதல் நாவல் அச்சாகி வந்ததிலிருந்து எல்லோரும் கேட்கும் கேள்வி, ‘இது சிறுவர் கதையா, பெரியவர்களுக்கானதா?’ என்பதுதான். இரண்டும் இல்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்காக எழுதியது. பேசும் முயலையும் மாயக் கம்பளத்தையும் தாண்டிவிட்ட பிள்ளைக்குத் தமிழில் அடுத்து என்ன கொடுப்பது என்று யோசித்தால் கை தயங்குகிறது. அதற்குள் பிள்ளை கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. எப்படி எழுதினாய், யாரிடம் கொடுத்தாய் என்று எழுத ஆசைப்படும் சிலர் விடாமல் கேட்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

கதை 2021 நவம்பரில் பாலாற்றில் வந்தது. கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு நம் பக்கம் வரும் ஆறு. என் வயதுக்காரர்களுக்குப் பாலாறு என்றால் மணலும் சீமைக் கருவேலமும்தான்; வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் போனால் தோல் கழிவு வாடையும் சேர்ந்துகொள்ளும். அந்த நவம்பரில் ஆறு இரு கரையும் புரள ஓடியது. பள்ளிகொண்டா பாலத்தில் ஜனங்கள் வண்டிகளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண், பதினைந்து வயதிருக்கும், வாயைத் திறந்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற அவள் அம்மா தண்ணீரைப் பார்க்கவே இல்லை. ஷூ கம்பெனி வேன் எந்த வழியாக வரும், வராவிட்டால் அன்றைய சம்பளம் பிடிப்பார்களா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு ஓடினால் ஊருக்கே கொண்டாட்டம். இந்த வீட்டுக்கு மட்டும் சம்பளப் பிடித்தம். எழுத ஆரம்பிக்க எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வேலூர்க்காரி நாவல் எழுதினால் அதில் கோட்டைதான் வரவேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு முடிவு இருக்கிறது. 1806 ஜூலை 10 விடியும் முன் சிப்பாய்கள் எழுந்ததையும், கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஷூ கம்பெனியை எழுதுவதா என்று அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் கதாநாயகிக்குக் கோட்டை என்பது டியூஷனுக்கு மட்டம் போட்டுவிட்டுத் தோழியோடு வேர்க்கடலை தின்னும் இடம். அந்த அளவுக்கே நாவலிலும் வருகிறது.

கம்பெனிக்குள் நடப்பதை என் சித்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் பல வருடங்களாக அப்பர் தைக்கும் பிரிவில் இருக்கிறார். அப்பர் என்பது செருப்பின் மேல்பாகம். தோலை வெட்டியதும் தைத்துவிட மாட்டார்கள். மடிக்க வேண்டிய ஓரத்தை முதலில் இயந்திரத்தில் சீவி மெலிதாக்குவார்கள். சீவாமல் மடித்தால் தையல் புடைத்துக்கொண்டு காலை உறுத்தும். பிறகு சொல்யூஷன் தடவி மடித்து, சின்னச் சுத்தியலால் தட்டுவார்கள். சித்தி தன் ஆள்காட்டி விரலை என்னிடம் நீட்டி, “தொட்டுப் பார்” என்றார். நுனியில் ரேகையே இல்லை. “ரேஷன் கடையில் விரலை வைத்தால் இயந்திரம் என்னை யாரென்றே தெரியாது என்கிறது” என்று சிரித்தார். அந்த விரல் நாவலில் ஓர் அத்தியாயமாகிவிட்டது. இதையெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்க முடியாது.

எழுதியது பெரும்பாலும் பஸ்ஸில். குடியாத்தத்திலிருந்து வேலூரில் இருக்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்குத் தினமும் போய்வருகிறேன். கைப்பேசியில் கட்டைவிரலால் தட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை அதை நோட்டில் திருத்தி எழுதுவேன். கையால் எழுதும்போதுதான் வேண்டாத வாக்கியம் தானாகக் கழன்று விழுகிறது. இருபதாம் தேதி ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் நெருங்கினால் கதை அப்படியே நின்றுவிடும். அக்கினி நட்சத்திரத்தில் மத்தியான பஸ்ஸில் எழுத முயல்வது வீண்வேலை. வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் கிண்டல் எதுவும் மிகையில்லை.

எங்கள் வீட்டு அலமாரியில் மு.வ.வின் நாவல்கள் இருந்தன, அத்தனையும் தாத்தாவின் திருமணத்துக்கு வந்த பரிசுகள். ஒரு காலத்தில் மு.வ. புத்தகம் இல்லாத திருமணப் பரிசே இல்லை என்பார்கள். அவரும் நம் வட ஆற்காட்டுக்காரர். 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். இளைஞர்கள் வாழ்க்கையை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று அவர் எழுதினார், ஒரு தலைமுறை விரும்பிப் படித்தது. நானும் விரும்பித்தான் படித்தேன். ஆனால் அவருடைய பாத்திரங்கள் பக்கம் பக்கமாக அறிவுரை சொல்லும்போது, இன்றைய பத்தாம் வகுப்புப் பிள்ளை அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, பிள்ளைகளிடம் பெரிய விஷயங்களைப் பேசலாம் என்ற துணிச்சலை மட்டும்.

முதல் வடிவத்தை எங்கள் தெருவில் டியூஷன் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்தேன். பையன்களுக்கு வெள்ளம் பிடித்தது, மற்றதைத் தள்ளித் தள்ளிப் படித்தார்கள். ஒரு பெண் மட்டும் முழுவதும் படித்துவிட்டு வந்து, “அக்கா, இவள் ஏன் இவ்வளவு நல்லவளாக இருக்கிறாள்? அம்மா பர்ஸிலிருந்து பத்து ரூபாய்கூட எடுக்க மாட்டாளா?” என்று கேட்டாள். அதுவரை எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் உருப்படியானது அதுதான். கதாநாயகியைத் திருட வைத்தேன். அதன்பிறகு இரண்டாம் பாதியை நான் தள்ள வேண்டியிருக்கவில்லை, அது என்னை இழுத்துக்கொண்டு போனது.

பதிப்பு என்பது வேறு உலகம். ஒரு பதிப்பகம் பதிலே போடவில்லை. இன்னொன்று அச்சுச் செலவை நானே ஏற்கவேண்டும் என்றது; கூடவே, பள்ளிக் கழிப்பறையில் கதாநாயகி மாதவிலக்கோடு தவிக்கும் பகுதியை எடுத்துவிட்டால் பள்ளிகளில் விற்க வசதி என்றும் சொன்னது. அந்தப் பகுதியைப் படிக்கவேண்டியவர்கள் பள்ளியில்தானே இருக்கிறார்கள்! கடைசியில் சிறிய பதிப்பகம் ஒன்று எதையும் வெட்டாமல், விற்பனையில் எழுதியவருக்குரிய பங்கான ராயல்டி பத்து சதவீதம் என்று ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அடையாளமாக இருக்கும் பதின்மூன்று இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணை அவர்களே விண்ணப்பித்து வாங்கினார்கள். நம் நாட்டில் அதற்குக் கட்டணம் கிடையாது. அந்த எண்ணுக்கென்று பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

மெய்ப்பு பார்ப்பதில், அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்துவதில்தான் உயிர் போனது. நான் யூனிகோடில் அனுப்பினேன். பக்கம் அமைப்பவர் பழைய எழுத்துருவுக்கு மாற்றினார். மாற்றியதில் ‘கொ’வின் கொம்பு ஒரு வரியின் கடைசியிலும், ககரமும் காலும் அடுத்த வரியிலும் போய் விழுந்தன. சில இடங்களில் ஒற்றுப் புள்ளியே மறைந்திருந்தது. எழுதியவள் கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது, மனம் சரியாகவே படித்துக்கொண்டு போகும். கதையை அதுவரை படிக்காத என் தம்பியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, எதிரே உட்கார்ந்து வட்டமிட்டேன். அவன் தடுக்கிய இடமெல்லாம் பிழை.

அட்டைப்படம் வந்தது. கோட்டை, அகழி, மேலே நிலா! ஓவியரிடம் கோபப்பட முடியவில்லை, வேலூர் என்று ஒரு வார்த்தைதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். விடியற்காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி வேனைப் படமெடுத்து அனுப்பினேன். அதுவே அட்டையானது.

விலையில் மட்டும் பிடிவாதம் பிடித்தேன். பள்ளிப் பிள்ளை தன் காசில் வாங்கும்படி இருக்கவேண்டும் என்றதும், பதிப்பாளர் தாளின் தரத்தை ஒரு படி இறக்கி, எழுத்தைக் கொஞ்சம் நெருக்கி, 150 ரூபாய்க்குள் கொண்டுவந்தார். தேவைக்கேற்ப அச்சிடும் முறை என்பதால் முதலில் கொஞ்சம் பிரதிகள்தான். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் கூடுதலாக அடிப்பார்கள். விண்ணப்பம் போட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை. எனக்கு வரவேண்டிய ராயல்டிக்குப் பதிலாகச் சில பிரதிகளை வாங்கி டியூஷன் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பர்ஸ் கேள்வி கேட்டவள் இப்போது இரண்டாவது நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களை வைத்திருக்கிறாள், பரீட்சை முடிந்ததும் படித்துவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.