அப்பாவின் மறதியும் அதற்கான பரிசோதனைகளும்

வயதானால் மறதி வரத்தானே செய்யும் என்று அப்பாவும் சொன்னார், சொந்தக்காரர்களும் சொன்னார்கள். சாவியைத் தேடுவதெல்லாம் எனக்கும் உண்டு. என்னை உறுத்தியது வேறு. காலையில் அரை மணி நேரம் பேசிய விஷயத்தைச் சாயங்காலம் எடுத்தால், "அதை எப்போ பேசினோம்?" என்பார். எடுத்துச் சொன்னாலும் "ஆமாம்ல" என்று வராது. அதே மனிதர், முதல் வேலையில் மேலதிகாரி திட்டியதை வார்த்தை பிசகாமல் சொல்வார்.

நரம்பியல் மருத்துவர் எடுத்தவுடன் அல்சைமர் பேச்சையே எடுக்கவில்லை. வைட்டமின் பி12, தைராய்டு பார்க்க இரத்தப் பரிசோதனை எழுதினார். தூக்கம், மனச்சோர்வு பற்றிக் கேட்டார். எல்லா மாத்திரைகளையும் கொண்டுவரச் சொன்னார். சில தூக்க மாத்திரைகளும் ஒவ்வாமை மாத்திரைகளும்கூட நினைவை மந்தமாக்குமாம். அப்புறம் என்னிடம் தனியாகப் பேசினார். "மறக்கிறார்" என்று பொதுவாகச் சொன்னால் அவருக்குப் போதவில்லை. என்ன நடந்தது, எப்போதிலிருந்து என்று கேட்டார். நான் தேதி போட்டுக் குறித்து வைத்திருந்த நோட்டு அங்கேதான் உதவியது.

அடுத்தது நினைவையும் சிந்தனையையும் பார்க்கும் மோகா என்ற 30 மதிப்பெண் சோதனை. பொதுவாக 26 அல்லது அதற்கு மேல் இருந்தால் இயல்பு என்பார்கள். வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு என்னைப் பின்னால் உட்கார வைத்தார்கள். கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொன்னார்கள். வட்டம் அழகாக வந்தது, எண்களும் சரி. ஒரு முள்ளை 11-க்கு வைத்தார். பெரிய முள்ளை 2-க்கு வைக்காமல் 10-க்கு வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

என்னை உலுக்கியது ஐந்து சொற்கள். கேட்டவுடன் ஐந்தையும் திருப்பிச் சொன்னார். சில நிமிடங்கள் கழித்துக் கேட்டபோது ஒன்றுதான் வந்தது. "அது ஒரு பூ" என்று குறிப்புக் கொடுத்தும் பயனில்லை. மூன்று பூக்களைச் சொல்லி எது என்று கேட்டபோது தவறானதைச் சொன்னார். இந்தக் குறிப்புதான் முக்கியம் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். மனச்சோர்வில் விஷயம் பெரும்பாலும் உள்ளே பதிந்திருக்கும், எடுக்கத்தான் சிரமம். குறிப்புக் கொடுத்தால் வந்துவிடும். அல்சைமரில் பதிவதே தடைபடுகிறது. புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸும் அதை ஒட்டிய பகுதியும்தான் பெரும்பாலும் முதலில் அடிபடுகின்றன. பழைய கதைகள் தப்பிப்பது அதனால்தான். எம்.ஆர்.ஐ.யில் அப்பாவின் ஹிப்போகாம்பஸ் இரண்டு பக்கமும் வயதுக்கு மீறிச் சுருங்கியிருந்தது.

உறுதி செய்ய முதுகுத்தண்டு நீர் எடுத்தார்கள். இரத்தம் உறையாமலிருக்க அப்பா மருந்து சாப்பிடுவதால், அதைச் சில நாள் நிறுத்த இதய மருத்துவரின் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. அல்சைமரோடு தொடர்புடைய இரண்டு புரதங்களை அதில் பார்த்தார்கள். முடிவில் அமிலாய்டு குறைவு, டவ் அதிகம். குறைவென்றால் நல்லதுதானே என்று நினைத்தேன். இல்லையாம்: மூளையிலேயே படிந்துவிடுவதால்தான் நீரில் குறைகிறது. அந்தப் படிவு, அறிகுறி தெரிய 15, 20 வருடங்களுக்கு முன்பே ஆரம்பித்துவிடுமாம். அப்பா வேலையில் சுறுசுறுப்பாக இருந்த காலம் அது!

அல்சைமரால் வந்த லேசான அறிவாற்றல் குறைபாடு என்று எழுதினார்கள். தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்வதால் அன்றாட வேலைகளே தடுமாறும் டிமென்ஷியா நிலை இன்னும் இல்லை. அமிலாய்டை அகற்றும் லெகானெமாப் பற்றிக் கேட்டேன். அமெரிக்காவில் 2023-ல் முழு அனுமதி பெற்ற மருந்து. நோயை நிறுத்தாது, வேகத்தை ஓரளவு குறைக்கும். மூளையில் வீக்கமோ இரத்தக்கசிவோ வரலாம் என்பதால், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கும் அப்பாவுக்கு வேண்டாம் என்றார் மருத்துவர். எனக்கு ஏமாற்றம்தான், அப்பாவுக்கு இல்லை. வங்கிக் கணக்கு, உயில், தன்னால் முடியாதபோது சிகிச்சையை யார் முடிவு செய்வது என எல்லாவற்றையும் அவரே உட்கார்ந்து எழுதி முடித்தார்.

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனை. அந்த ஐந்து சொற்களை வீட்டில் சொல்லிக்கொடுக்கலாமா என்று தம்பி கேட்டான். அடுத்த முறை வேறு சொற்கள்தான் வருமாம்.